தகரம் அடித்தால் கப்பல் இல்லை

என் மகள் தாம்பரத்திலிருந்து போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். அதில் ஒரு வெள்ளைக்காரர் ஏணி வைத்துக் கூரைமேல் ஏறி நின்றுகொண்டு, குளிர்காலத்துக்கு உங்கள் வீட்டுக் கூரை தயாராக இல்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்கிறார். அவர் பேசுவது எனக்குப் புரியாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் மகன்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டு வந்தான். கூரை விளிம்பில் பனிக்கட்டி ஈட்டி ஈட்டியாகத் தொங்கினால் ஆபத்தாம். புகைக்கூண்டைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். பரணில் அணில் குடியிருந்தால் உடனே காலி செய்யச் சொல்ல வேண்டுமாம்.

நாங்கள் இருப்பது போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்ம் பக்கம். இங்கே குளிர்காலம் என்றால் மார்கழியில் மின்விசிறியை ஒரு எண் குறைத்து வைப்பது. எங்கள் கூரை விளிம்பில் தொங்குவது பக்கத்து வீட்டுப் பூசணிக்காய். என் மகன் வீடியோவை முழுக்கப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்ல ஐஸ் இல்ல, புகைக்கூண்டு இல்ல, அணிலும் இல்ல. நம்ம கூரை பாஸ்" என்றான்.

வீடியோவின் பின்னாலேயே மகளின் போன் வந்தது. போன ஐப்பசியில் என் கட்டில்மேல் மழை இறங்கி, சளி பிடித்து, இருமல் தை வரைக்கும் போகாமல் கிடந்ததை யாரோ அவள் காதில் போட்டுவிட்டார்கள். அவள் என் மூத்தவள், வங்கியில் அதிகாரி. தம்பியிடம் அவள் பேசுவது எப்போதும் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்து பேசுவது மாதிரிதான் இருக்கும். "கார்த்திகைல லீவு போட்டு வரேன். அதுக்குள்ள கூரையைச் சரி பண்ணி வை. இல்லன்னா அம்மாவை என்னோட கூட்டிட்டு வந்துடுவேன். இந்தத் தடவை திருப்பி அனுப்பறதா இல்ல."

மகன் சரி அக்கா, சரி அக்கா என்றான். மருமகள் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. கேட்டாலும் நான் பதில் சொல்லமாட்டேன் என்பது எல்லோருக்கும் தெரியும். சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் எனக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

மகள் வீட்டுக்கு நான் ஒரு தடவை போயிருக்கிறேன். நல்ல வீடு, உயரத்தில் இருக்கிறது. ஒருநாள் கீழே போய்க் கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று லிஃப்டில் ஏறினேன். எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியவில்லை. யார் யாரோ ஏறினார்கள், இறங்கினார்கள். ஒவ்வொருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கேட்க வாய் வரவில்லை. அவர்களோடு மேலே போனேன், கீழே வந்தேன், மறுபடி மேலே போனேன். கடைசியில் வாட்ச்மேன் கூட்டிக்கொண்டு போய் வீட்டில் விட்டார். அந்த ஊரில் மழை பெய்கிறதா என்று தெரிய ஜன்னல் பக்கம் போகமாட்டார்கள், போனைப் பார்ப்பார்கள். பகல் முழுவதும் ஆள் கிடையாது. எனக்கு அங்கே போய் இருக்க மனசில்லை. ஆகவே என் வாழ்வு அந்தக் கூரையில் தொங்கிக்கொண்டிருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

அந்தக் கூரையைப் பற்றிச் சொல்கிறேன். தகரக் கூரை. என் வீட்டுக்காரர் இருக்கும்போது போட்டது. ரீப்பர் கட்டைமேல் தகரத்தை வைத்துக் கொக்கி ஆணி அடித்தது. ஆணிக்கும் தகரத்துக்கும் நடுவில் தண்ணீர் இறங்காமல் இருக்க ஒரு ரப்பர் வாசர் வைப்பார்கள். வெயிலில் அது பொடிந்துவிட்டால் ஆணி ஓட்டை எல்லாம் வாயைத் திறந்துவிடும். எங்களுக்கு எல்லாம் திறந்துவிட்டது. காற்றில் தகரம் கிளம்பாமல் இருக்கப் பழைய டயர்களை மேலே ஏற்றி வைத்திருந்தோம். டயரில் தண்ணீர் தேங்கிக் கொசு வருகிறது என்று சுகாதாரத்தில் இருந்து வந்த பெண்கள் அவற்றை இறக்கச் சொன்னார்கள். இறக்கினோம். அதன் பிறகு தகரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது பக்கத்து வீட்டுப் பூசணிக்கொடிதான். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கொடியை வெட்டிவிடலாமா என்று அந்த வீட்டு வங்காளிப் பெண் கேட்டபோது, வேண்டாம், அது எங்கள் கூரைக்குக் கயிறு மாதிரி என்று என் மகனே சொல்லியிருக்கிறான்.

கூரை கெட்டுப்போனதற்கான அடையாளங்களைக் காட்ட எங்கள் வீட்டுக்கு வெள்ளைக்காரர் வந்திருக்கத் தேவையில்லை. எல்லாம் எங்கள் கண்முன்னால்தான் இருந்தன. தொல்லை என்னவென்றால், ஒவ்வோர் அடையாளமும் வீட்டில் யாராவது ஒருவருக்கு உபயோகமாக இருந்தது.

குளியலறைத் தகரத்தில் ஒரு பெரிய ஓட்டை. இந்த ஊரில் குழாயில் தண்ணீர் வருவது விருந்தாளி வருவது மாதிரி, சொல்லிக்கொண்டு வராது. என் மருமகள் அந்த ஓட்டைக்கு நேர் கீழே ஒரு டிரம்மை வைத்துவிட்டாள். மழை பெய்தால் டிரம் தானாக நிரம்பும். வாளி தூக்க வேண்டாம், இடுப்பு பிடிக்காது. கூரை வேலை செய்கிற மிஸ்திரி ஒரு தடவை அதை அடைக்கப் போனபோது அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. முதலில் ஒழுகாத இடத்தை எல்லாம் பாருங்க என்றாள்.

அடுப்படியில் ஓர் ஆணி ஓட்டை வழியாக வெயில் காசு மாதிரி தரையில் விழும். அது நகர்ந்து அரிசி டின் பக்கம் வந்தால் உலை வைக்க நேரம். சுவர்க் கடிகாரம் பேட்டரி தீர்ந்து நின்று எத்தனையோ காலம் ஆகிறது. பேட்டரி வாங்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. அந்த ஓட்டையை மூடச் சொல்ல எனக்கும் மனசு வரவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய உபயோகம் என் கட்டிலுக்கு மேலே இருந்த மூலைத் தகரம். அதன் ஒரு முனையில் ஆணியே கிடையாது. சாதாரணக் காற்றுக்கு அசையாது. கிழக்கிலிருந்து கடல் காற்று ஏறி அடித்தால்தான் அது எழும்பி விழும். டக், டக் என்று கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் அன்றைக்குத் தெற்குத் தீவில் இருக்கிற ஹட்பேக்குப் போகிற கப்பல் ஓடாது. எப்படி என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஓடாது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் புருஷன் காய்கறி மூட்டைகளோடு ஹட்பே போய் விற்று வருகிறவர். அவர் மூட்டை கட்டுவதற்கு முன்னால் அவள் வேலிப் பக்கம் வந்து, "மாசி, ஆஜ் டின் பஜா கியா?" என்று என்னிடம் கேட்பாள். மாசி என்றால் சித்தி. தகரம் அடித்ததா இல்லையா என்று நான் தலையை மட்டும் ஆட்டுவேன். இந்த ஊரில் என்னிடம் ஒருவர் கேள்வி கேட்டு, நான் சொன்ன பதிலை நம்பி நடக்கிறார் என்றால் அது இந்த ஒரு விஷயத்தில்தான்.

இப்படி ஆளுக்கு ஓர் ஓட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தால் கூரையை யார் சரி செய்வது?

என் மகன் சர்க்கார் கட்டடங்களைப் பராமரிக்கிற ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. மழைக்கு முன்னால் எந்தக் கட்டடத்தின் கூரை எப்படி இருக்கிறது என்று வருகிற காகிதங்கள் எல்லாம் அவன் மேசை வழியாகத்தான் போகும். கூரையைப் பற்றி அவனுக்குத் தெரியாத வார்த்தை கிடையாது. அதனால் வீட்டுக் கூரையையும் அவன் வார்த்தையால்தான் பராமரித்தான். மகள் போன் செய்த பிறகு தினமும் சாயங்காலம் முற்றத்தில் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேலே பார்ப்பான். என்னடா என்று நான் முகத்தால் கேட்டால், "பிராசஸ்ல இருக்கும்மா" என்பான்.

பிராசஸ் என்றால் மிஸ்திரி. மிஸ்திரி ஆந்திராக்காரர். எங்களோடு பேசிப் பேசித் தமிழும் ஹிந்தியும் கலந்து நன்றாகப் பேசுவார். வந்து மேலே பார்ப்பார், டீ குடிப்பார். "புராணா சீட் வேலைக்கு ஆகாது அம்மா. நயா சீட் ஜகாஜ்ல வருது", புதுத் தகரம் கப்பலில் வருகிறது, என்று சொல்லிவிட்டுப் போவார். அடுத்த தடவை, போன கப்பலில் வரவில்லை, வருகிற கப்பலில் நிச்சயம் என்பார். அவர் வாயில் இந்தக் கப்பலைப் பற்றிக் கேட்டுக் கேட்டு, மெயின்லாண்டிலிருந்து தகரம் மட்டும் ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் கிளம்பி, கரைக்கு வர வெட்கப்பட்டுக்கொண்டு நடுக்கடலிலேயே சுற்றுகிறது என்று நான் நினைக்க ஆரம்பித்தேன். எனக்கு அதன்மேல் கொஞ்சம் பிரியம்கூட வந்துவிட்டது.

மிஸ்திரி செய்த ஒரே வேலை, சில வருடங்களுக்கு முன்னால் வாசர் மாற்றியது. கடையில் விற்கிற வாசர் நிற்காது, ரப்பர் செருப்பு இருந்தால் கொடுங்கள், வட்டமாக வெட்டிப் போட்டால் நின்று உழைக்கும் என்றார். இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள். என் வீட்டுக்காரர் போன புதிது. அவருடைய நீல ஹவாய் செருப்பு வாசலில் அப்படியே கிடந்தது. எடுத்து வைக்கவும் ஒருவருக்கும் கை வரவில்லை, எறியவும் வரவில்லை. மகன் அதைத்தான் எடுத்துக் கொடுத்தான். இருக்கும்வரை வீட்டுக்குள் செருப்போடு வராத மனிதர். போன பிறகு அவர் செருப்பு எங்கள் தலைக்கு மேலே ஏறிக்கொண்டது.

ஐப்பசி பிறந்தது. மகள் விமான டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்னாள். கப்பல் வரவில்லை. அப்போதுதான் என் மகனுக்கு அந்த யோசனை வந்தது. லம்பா லைனில் இருக்கிற அவன் அலுவலக நண்பர் வீட்டுக்குப் போயிருந்தான். அங்கே கூரைக்குக் கீழே பிளாஸ்டிக் பலகையில் சீலிங் அடித்திருந்தார்களாம். வெள்ளை வெளேர் என்று, ஓரத்தில் தங்கப் பூ போட்டு. "கீழ நின்னு பார்த்தா ஹோட்டல் மாதிரி இருக்கும்மா. மேல என்ன இருக்குன்னு எவனுக்குத் தெரியும்" என்றான். அவன் அலுவலகத்தில் எத்தனை காகிதம் இந்த நியாயத்தில் நகர்ந்திருக்குமோ, நான் கேட்கவில்லை.

சீலிங் அடிக்கிற ஆட்கள் வந்தார்கள். மேலே தகரம் ஓட்டையாக இருக்கிறதே என்று மருமகள் சொன்னாள். மேலே இருக்கிறது எங்கள் வேலை இல்லை, நாங்கள் கீழே மட்டும்தான் என்றார்கள். ஹாலுக்கும் என் அறைக்கும் அடித்தார்கள். குளியலறைக்கு மருமகள் விடவில்லை. மூலைத் தகரம் அடித்தால் சீலிங் அதிரும், அக்காவும் கேட்டுவிடுவாள் என்று என் மகன் அந்த இடுக்கில் கோணிச் சாக்கைச் சுருட்டித் திணித்துவிட்டான். வேலை முடிந்ததும் மூன்று பேரும் ஹாலில் நின்று அண்ணாந்து பார்த்தோம். அழகாகத்தான் இருந்தது. தங்கப் பூ மினுமினு என்றது. இவ்வளவு அழகான இடத்தை விட்டுவிட்டு என்னை யார் எங்கே கூட்டிக்கொண்டு போக முடியும் என்று எனக்கும் தைரியம் வந்தது.

மகள் வந்த அன்றைக்கு நல்ல வெயில். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே மேலே பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். "பரவாயில்லடா. நீ செய்யமாட்டேன்னு நினைச்சேன்" என்றாள். என் மகன் இப்படிப்பட்ட வார்த்தையை அக்கா வாயிலிருந்து கேட்டு எத்தனை வருடமோ, அவன் கண் கலங்கியதை நான் பார்த்தேன். வெளியே போய்ப் பின்பக்கமாகக் கூரையைப் பார்க்க வேண்டும் என்றாள். நாங்கள் மூன்று பேரும் அவள் பின்னாலேயே ஓடினோம். ஆனால் பூசணிக்கொடி எங்களைக் கைவிடவில்லை. தகரமே தெரியாமல் பச்சைப் பசேலென்று மூடி, மேலே மஞ்சள் பூவும் பூத்திருந்தது. மகள் அதைப் போட்டோ எடுத்தாள். கூரைமேல் செடி இருந்தால் வீடு குளுமையாக இருக்கும், தாம்பரத்தில் இதற்கு ஆள் வைத்துச் செய்கிறார்கள் என்றாள்.

மறுநாள் வானம் சாம்பல் பூசிக்கொண்டது. வங்கக்கடலில் காற்றழுத்தம் என்று டிவியில் சொன்னார்கள். கார்த்திகையில் சொல்லாமல் எப்போது சொல்வார்கள் என்றான் மகன். அன்று பிடித்த மழை விடவில்லை.

ஒழுகுகிற கூரையில் ஒரு சௌகரியம் உண்டு. எங்கே ஒழுகும் என்று தெரியும். எங்கள் வீட்டில் ஒவ்வோர் ஒழுக்குக்கும் ஒரு பாத்திரம் உண்டு. இட்லிக் குண்டான் ஹாலுக்கு, வெண்கலப் பானை என் அறைக்கு. மழை வந்தால் யாரும் யாரையும் கேட்காமல் அவரவர் பாத்திரத்தை எடுத்து அந்தந்த இடத்தில் வைத்துவிடுவோம். இப்போது சீலிங் வந்த பிறகு ஒரு சொட்டு கீழே விழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது? மேலே ஏதோ ஊர்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அடுத்த நாள் காலையில் நான்தான் முதலில் பார்த்தேன். ஹால் நடுவில் சீலிங் வயிறு மாதிரி கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. மருமகளிடம் கண்ணால் காட்டினேன். அவள் மகனிடம் காட்டினாள். அவன் பார்த்துவிட்டு பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டான். வயிறு மெல்ல மெல்லப் பெரிதாயிற்று. மகள் அதற்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, போனில் அவள் வீட்டுக்காரரிடம், தம்பி பொறுப்பாகத்தான் செய்திருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மருமகள், அண்ணி இப்படி ஜன்னல் பக்கம் வாங்க, காற்று வரும் என்றாள். நகர்ந்தாள். வயிறும் அந்தப் பக்கம் நகர்ந்தது. அண்ணி இங்கே வாங்க, டிவி நன்றாகத் தெரியும் என்றாள். வீடு முழுக்க நாற்காலியும் வயிறும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. டிவி ஓடவே இல்லை, கரண்ட் இல்லை என்பதை மகள் கவனிக்காதது எங்கள் அதிர்ஷ்டம்.

மத்தியானம் நான்கு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "சரிடா. கூரை நல்லாத்தான் இருக்கு. அம்மா இங்கயே இருக்கட்டும்" என்றாள். அந்தச் சொல்லுக்காகத்தான் நான் ஐப்பசி முழுக்கக் காத்திருந்தேன். அவள் தட்டில் இன்னொரு மீன் துண்டு வைத்தேன்.

அப்போது வாசலில் குடையை உதறுகிற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு வங்காளிப் பெண். முகம் சிவந்திருந்தது. உள்ளே வரவில்லை, நிலைப்படியில் நின்றே என்னைப் பார்த்து, "மாசி, ஆப்கா டின் கியூன் நஹி போலா?" என்றாள்.

உங்கள் தகரம் ஏன் பேசவில்லை என்று அவள் கேட்டதும் நான் கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்தேன். அவள் விடவில்லை. ஹிந்தியும் அவளுக்குத் தெரிந்த தமிழுமாகக் கொட்டித் தீர்த்தாள். காலையில் மழையில் வேலிப் பக்கம் வர முடியாமல் அவளே காது கொடுத்துக் கேட்டாளாம், தகரம் சும்மா இருந்ததாம், அதை நம்பிப் புருஷனை மூட்டைகளோடு கப்பல் ஏறுகிற ஜெட்டிக்கு அனுப்பினாளாம். அங்கே போனால் கப்பல் கேன்சல். மனுஷன் முட்டைக்கோஸ் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு, நனைந்து, இப்போதுதான் வந்து சேர்ந்தாராம். இத்தனை வருடத்தில் எங்கள் தகரம் ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லையாம்.

மகள் கையை உதறிவிட்டு எழுந்தாள். "ஆமா. அந்த மூலைத் தகரம் என்ன ஆச்சு? சின்ன வயசுல அது அடிச்சா ஸ்கூல் பஸ் வராதுன்னு போர்வையை இழுத்து மூடிக்குவேனே. இவ்வளவு காத்துக்கு ஏன் அடிக்கல?"

"அண்ணி, குழம்பு ஆறிடும்" என்றாள் மருமகள்.

மகள் மேலே பார்த்தாள். இந்தத் தடவை தங்கப் பூவைப் பார்க்கவில்லை. வயிறு அப்போது நல்ல பூசணிக்காய் அளவுக்கு மேலே வந்திருந்தது.

"ஏன்டா," என்றாள் தம்பியிடம், "இதுக்கு எத்தனை மாசம்?"

என் மகன் குனிந்து சோற்றைப் பிசைந்தான். அவள் துணி உலர்த்துகிற கழியை எடுத்து வந்து வயிற்றை ஒரு குத்துக் குத்தினாள். குத்தியது ஹால் நடுவில். ஆனால் அது பிளாஸ்டிக் பலகை, ஒன்றோடு ஒன்று மாட்டியிருப்பது. ஒன்று கழன்றதும் வரிசையாகக் கழன்று, தண்ணீர் எல்லாம் என் மகன் உட்கார்ந்திருந்த பக்கம் ஓடிப்போய் அவன்மேல் இறங்கியது. தேநீர் நிறத்தில் துருத் தண்ணீர். அதோடு அழுகின பூசணி இலை, ஒரு மரப்பல்லி. பல்லிக்கு உயிர் இருந்தது. அது அவன் தோளில் ஒரு கணம் நின்று எங்களை எல்லாம் பார்த்துவிட்டுச் சுவரில் ஏறிக்கொண்டது.

எல்லாம் ஓய்ந்த பிறகு தரையில் நீலமாக ஒரு வட்டம் கிடந்தது. நடுவில் ஆணி ஓட்டை. மகள் குனிந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இது அப்பா செருப்பு" என்றாள். புடவைத் தலைப்பில் துடைத்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எழுந்திரும்மா. துணிமணி எல்லாம் எடுத்து வை. மழைக்கு நின்ன விமானத்தை மறுபடி விட்டதும் கிளம்பறோம்."

சீலிங் போனதால் மழை தகரத்தில் இடிக்கிற சத்தம் நேரே இறங்கியது. ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்பது கஷ்டம். நான் எழுந்திருக்கவில்லை. நான் வரவில்லை என்றேன். எனக்கே கேட்கவில்லை. மகள் காதைச் சாய்த்து, என்னம்மா என்றாள்.

அந்த இடத்தில் நான் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாழ்நாள் முழுக்க அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். யாராவது என்ன என்று திருப்பிக் கேட்டால் அத்தோடு என் பேச்சு முடிந்துவிடும். ஆனால் அப்போது அந்த லிஃப்ட் ஞாபகம் வந்தது. மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே. நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இருக்கிற பலத்தை எல்லாம் கூட்டிச் சொன்னேன்.

இந்த ஊர் மழைக்கு ஒரு குணம் உண்டு, குழாயை மூடினது மாதிரி சட்டென்று நிற்கும். நான் வாயைத் திறந்ததும் நின்றுவிட்டது.

"நான் வரல" என்று என் குரல் வீடு முழுக்க, முற்றம் தாண்டி, தெரு வரைக்கும் போயிற்று. நிலைப்படியில் நின்றிருந்த வங்காளிப் பெண் ஓரடி பின்னால் போனாள். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் புருஷன், "கஹாங் நஹி ஜானா, மாசி?" என்று அக்கறையாகக் கேட்டார். எங்கே போகமாட்டேன் என்று அவருக்கும் தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

எனக்குத் தலை நிமிரவில்லை. என் சத்தத்தை நானே இவ்வளவு பெரிதாகக் கேட்டதில்லை. மகள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவள் நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"இதை வாயைத் திறந்து சொல்ல இவ்வளவு வருஷம் ஆச்சா உனக்கு?" என்றாள். பிறகு தம்பியைப் பார்த்து, "தலையைத் துவட்டுடா. பிராசஸ் நாளையிலிருந்து என் கைல" என்றாள்.

அந்த மழையில் விமானம் எப்படியும் பறக்கவில்லை. மகள் லீவை நீட்டினாள். மறுநாள் ஆட்டோ பிடித்து பஜாருக்குப் போனவள், மத்தியானம் ஒரு சின்ன லாரியோடு வந்து இறங்கினாள். லாரி நிறையப் புதுத் தகரம், நீலக் கலர். எந்தக் கப்பலில் வந்தது என்று மகன் கேட்டான். கடையில் தூசி படிந்து கிடந்தது, போன வருடத்துச் சரக்காம் என்றாள். மிஸ்திரியை வரச் சொன்னோம். அவர் தகரத்தைத் தட்டிப் பார்த்து, "அச்சா, ஜகாஜ் வந்துட்டுதா" என்றார். வெட்கப்படவே இல்லை. எல்லோரும் என்னை மாதிரி இருந்துவிட்டால் உலகம் நடக்குமா?

மழை விட்ட இடைவெளியில் கூரை மாறியது. மகள் முற்றத்தில் குடையோடு நின்று ஒவ்வோர் ஆணியையும் எண்ணாத குறையாகப் பார்த்தாள். வாசருக்குப் பழைய செருப்பு இருக்கிறதா என்று மிஸ்திரி கேட்டபோது அவள் பார்த்த பார்வையில் அவர் கடைக்குப் போய் வாசர் வாங்கி வந்துவிட்டார். பூசணிக்கொடியை அறுக்க வேண்டியதாயிற்று. காய்களைப் பங்கு போட்டுக்கொண்டோம். மகள் ஊருக்குப் போகும்போது அவள் பெட்டியில் ஒரு பூசணிக்காய் இருந்தது. அந்த நீல வட்டம் அவள் கைப்பையில் இருந்தது.

இப்போது கூரை ஒழுகுவதில்லை. அதனால் வீட்டில் ஆளுக்கு ஒரு குறை. மருமகள் மறுபடி வாளி தூக்குகிறாள், டிரம் பக்கம் போகும்போது மேலே ஒரு தடவை பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். கடிகாரத்துக்கு பேட்டரி வாங்கிப் போட்டோம். அது காட்டுகிற நேரத்துக்கும் என் உலைக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. என் மகன் சாயங்காலம் முற்றத்தில் நின்று மேலே பார்க்கிறான். பார்க்க ஒன்றும் இல்லாததால் சீக்கிரம் உள்ளே வந்துவிடுகிறான்.

பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் கெட்டிக்காரர். எங்கள் பழைய மூலைத் தகரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் அவருடைய கோழிக்கூட்டின்மேல் போட்டார். மூன்று முனையில் ஆணி அடித்துவிட்டு ஒரு முனையை விட்டுவிட்டார். கிழக்குக் காற்று வந்தால் அது அங்கே டக், டக் என்று அடிக்கிறது. கப்பலும் சொன்ன சொல் மீறாமல் நின்றுவிடுகிறது. ஆனால் அந்த வங்காளிப் பெண் இப்போதும் வேலிப் பக்கம் வந்து, "மாசி, டின் பஜா கியா?" என்று என்னிடம்தான் கேட்கிறாள். அவர்கள் வீட்டுத் தகரத்தை அவர்கள் காது நம்பாதாம்.

புதுத் தகரம் நல்ல கனம். மழை அடித்தால் கல்யாண மேளம் தோற்றுவிடும். வீட்டுக்குள் யார் பேசினாலும் கேட்காது. மகள் மழைக்காலம் என்றால் தினமும் போன் செய்து, ஒழுகுகிறதா, ஒழுகுகிறதா என்கிறாள். அடுத்த கார்த்திகைக்காவது அங்கே வந்து ஒரு மாதம் இரு என்கிறாள். மழை பெய்யாதபோது நான் ம் என்று மட்டும் சொல்லி மருமகளிடம் போனைக் கொடுத்துவிடுவேன். மழை பெய்கிறபோது போனைக் கொடுப்பதில்லை. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, உன் லிஃப்டைப் பற்றியும், உன் வாட்ச்மேனைப் பற்றியும், உன் தம்பியின் சீலிங்கைப் பற்றியும், உங்கள் அப்பாவைப் பற்றியும், எனக்குச் சொல்ல இருப்பதை எல்லாம் சொல்கிறேன். நிறையப் பேசுகிறேன். கேட்கவில்லையே அம்மா, மழை சத்தம், என்கிறாள் அவள். ஆனால் போனை வைப்பதில்லை.